மலைநாட்டில் பெரிய பைக்கை ஓட்டிப் பார்த்து வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டில், தலவாக்கலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, ஒரு பைக் பார்த்திருக்கேன், ஒருக்கா வந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க." போகிற வழியில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தோட்டத்தில் இருக்கும் தம்பியும் அதையே கேட்பார், டுபாயிலிருந்து லீவில் வந்தவரும் அதையே கேட்பார். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து வாசித்தால் பிந்திய பதில்கள் எளிதாகப் புரியும்.

"டெஸ்ட் ரைட்னா ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வர்றதுதானே?"

கடை வாசலில் இருந்து நூறு மீட்டர் போய்த் திரும்பி வந்தால், பைக் ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். முதல் பத்து நிமிடம் உங்கள் கையும் காலும் அந்த பைக்குக்குப் பழகும் நேரம். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு அமுக்க வேண்டும், கியர் எப்படி விழுகிறது என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் உணர்வதுதான் கணக்கில் வரும்.

மலைநாட்டில் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். அதில் ஒரு நீண்ட ஏற்றமும், அதே அளவு இறக்கமும், ஒரு கூர்மையான வளைவும், கொஞ்சம் உடைந்த ரோடும் இருக்க வேண்டும். இந்த நான்கில் எதையாவது விட வேண்டி வந்தால், இறக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"பவர்ஃபுல் பைக்னு எதைச் சொல்றீங்க? 200 சீசீ போதாதா?"

நம் ரோட்டில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 150 சீசீ வரைதான். எனவே இந்தப் பக்கத்தில் பெரிய பைக் என்று நான் சொல்வது 250 சீசீ முதல் 400 சொச்சம் வரை உள்ளவற்றை: ஹொண்டா ஹோர்னெட் 250, எக்ஸ்ஆர் பாஜா, சீபி 400, கேடிஎம் டியூக் 390, ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் போன்றவை.

200 போதாதா என்றால், நிறையப் பேருக்குப் போதும். பல்சர் என்எஸ் 200 இன் குதிரை வலுவும் ஹிமாலயன் 411 இன் குதிரை வலுவும் ஏறத்தாழ ஒன்றுதான், 24 அளவில். அப்படியிருந்தும் இரண்டும் மலையில் வேறு வேறு மாதிரி ஏறும். அந்த வித்தியாசத்தை உணர்ந்த பிறகு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

"கொழும்புல பிச்சிக்கிட்டுப் போன பைக், நுவரெலியாவுல ஏன் மந்தமா இருக்கு?"

பைக்கில் பிழை இருக்க வேண்டும் என்றில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றில் ஒட்சிசன் குறைகிறது, அதற்கேற்ப எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைகிறது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஹட்டனில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். கண்டியில் அது தெரியவே தெரியாது.

காபரேட்டர் பைக் (பெட்ரோலையும் காற்றையும் கணினி இல்லாமல் கலக்கும் பழைய வகை) என்றால் இன்னொரு விஷயம் சேரும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவில் வந்துகொண்டிருக்கும். அதனால் கலவை தடித்து, பிளக் கறுத்து, அரை எக்ஸலேட்டரில் 'பக் பக்' என்று இடறும். இன்ஜெக்ஷன் பைக் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். சக்தி குறைவது அதற்கும் உண்டு, இடறல் மட்டும் இராது. ஆகவே ஒரு பைக்கைக் கொழும்பிலும் மற்றதை நுவரெலியாவிலும் ஓட்டிவிட்டு ஒப்பிடாதீர்கள். உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் இரண்டையும் ஓட்டுங்கள்.

"எச்பி பார்க்கணுமா, டோர்க் பார்க்கணுமா?"

இரண்டையும் பாருங்கள். எச்பி என்பது குதிரை வலு, டோர்க் என்பது இழுவை. அதைவிட முக்கியம், அது இன்ஜினின் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது. ஹோர்னெட் 250 நான்கு சிலிண்டர், 40 குதிரை வலு. ஆனால் அந்த 40 கிடைப்பது நிமிடத்துக்கு 14,000 சுற்றில். ஹிமாலயன் 411 ஒற்றைச் சிலிண்டர், 24 தான். ஆனால் அதன் உச்ச இழுவை, 32 நியூட்டன் மீட்டர், 4000 முதல் 4500 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். என்எஸ் 200 இல் உச்ச இழுவை 18 அளவில், அதுவும் 8000 சுற்றில்.

இதை ரோட்டில் வைத்துப் பாருங்கள். கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், லொறி ஓரம் கட்டி வழி விடுகிறது. ஹிமாலயனில் கியரைத் தொடாமல் கையைத் திருகினால் போதும். ஹோர்னெட்டில் ஒரு கியர் குறைத்து, சுற்றை மேலே கொண்டுபோன பிறகுதான் அது எழும்பும். எழும்பிவிட்டால் ஹிமாலயன் பக்கத்தில் நிற்காது. எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், தினமும் வேலைக்குப் போய் வருகிறவருக்கு முதல் வகை சுகம் என்பது மட்டும் என் அனுபவம்.

"எந்த ரோட்டுல ஓட்டிப் பார்க்கலாம்?"

எனக்குப் பிடித்தது நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கும் ஏ5 வீதி. இறம்பொடை நீர்வீழ்ச்சி இருப்பது ஏறத்தாழ 945 மீட்டர் உயரத்தில். அதாவது ஒரே ஓட்டத்தில் 900 மீட்டர் வரை இறங்கி, அதே 900 ஐத் திரும்ப ஏறிவிடலாம். ரோடு நன்றாக இருக்கும், வளைவுக்குக் குறைவில்லை. பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கம் இருக்கிறது. கண்டிக்காரர்களுக்குக் கடுகண்ணாவை கிட்ட இருந்தாலும், அங்கே வாகன நெரிசலில் பைக்கைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

ரதல்ல குறுக்கு வீதிக்கு மட்டும் போகாதீர்கள். மிகச் செங்குத்து, ஒடுக்கம். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் சிக்கிய விபத்தில் 7 பேர் இறந்தது அங்கேதான். பழகாத பைக்கை எடுத்துக்கொண்டு போகும் இடம் அது இல்லை.

நேரமும் முக்கியம். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் போனால் சுற்றுலா வேன்கள் இன்னும் கிளம்பியிருக்காது. ஆனால் மரக்கறி லொறிகள் அதற்கு முன்னாலேயே போயிருக்கும். கரட் கழுவி ஏற்றிய லொறி வழி நெடுகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், வளைவுக்கு வளைவு ஈரம். டர்பன்டைன் மரங்கள் நிற்கும் இடங்களில் உதிர்ந்த இலையும் ஈரத்தோடு கிடக்கும். இரண்டுமே வழுக்கும்.

"டாப் ஸ்பீட் எவ்வளவுன்னு பார்க்க வேண்டாமா?"

வேண்டாம். ஊர்களுக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு எல்லை 70, ஊருக்குள் 50. அதிவேகப் பாதையில் பைக்கை விடுவதே இல்லை. ஏப்ரலில் நுவரெலியா மாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி நடக்கும்போது ரோட்டை மூடிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நாம் ஓட்டும்போது எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து வருவார்கள்.

"கடையில ஓட்டிப் பார்க்க விடவே மாட்டேங்கிறாங்களே, என்ன பண்றது?"

புதிய பெரிய பைக்கைப் பல கடைகளில் தர மாட்டார்கள். விழுந்தால் யார் பொறுப்பு என்ற பயம், அது நியாயமானதும்கூட. அப்படியானால் அதே மொடல் வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள். மலைநாட்டில் இது பெரிய காரியம் இல்லை. எந்தத் தோட்டத்தில் யாரிடம் என்ன பைக் இருக்கிறது என்பது எல்லா கராஜுக்கும் தெரியும். மரியாதையாகக் கேட்டு, டாங்கில் பெட்ரோல் நிரப்பிக் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பாவித்த பைக்கை விற்பவர் ஓட்ட விட மாட்டேன் என்றால், பின்னால் உட்கார்ந்து அவரை ஓட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் அவர் பிரேக்கை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"லைசன்ஸ் இருக்கு, அது போதும்தானே?"

லைசன்ஸில் எந்த வகுப்பு இருக்கிறது என்று பாருங்கள். 'ஏ1' என்று மட்டும் இருந்தால் 100 சீசீ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் 'ஏ' வேண்டும். எத்தனையோ பேர் இதைக் கவனிப்பதே இல்லை. பைக்கின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் காலாவதியாகாமல் பைக்கோடு இருக்க வேண்டும். ஓட்டப் போகும் முன் இரண்டையும் கையில் வாங்கித் திகதியைப் பாருங்கள்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?"

முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்னரே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழும்புகிறது என்பது நுவரெலியாக் குளிரில் தினமும் உங்களுக்கு வரப்போகும் பிரச்சினை. "இன்ஜினைக் குளிர விடுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லலாம். பிழையே இல்லை.

அடுத்தது டயர். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆன டயர், பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. ஈர ரோட்டில் அது பிடிக்காது. இப்படிப்பட்ட டயரோடு ஒரு பைக்கை ஓட்டிவிட்டுப் புது டயர் போட்ட இன்னொன்றோடு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது டயர்களை மட்டும்தான்.

பிறகு பிரேக் ஒயில். ஹேண்டிலில் இருக்கும் சின்னக் கிண்ணத்தின் கண்ணாடியில் எட்டிப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் சரி. கறுத்திருந்தால் அந்த பைக்கோடு இறக்கத்தில் இறங்காதீர்கள். இதற்குக் காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

"ஏத்தத்துல நல்லா இழுத்துச்சு அண்ணே. அது போதாதா?"

போதாது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பலமான பைக் என்றால் எல்லோரும் ஏற்றத்தைப் பார்க்கிறார்கள். ஏற்றத்தில் பைக் சோம்பலாக இருந்தால் நீங்கள் பிந்திப் போவீர்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் அது கைவிட்டால் கீழே தேயிலை, அதற்குக் கீழே பள்ளம்.

சில வருடங்களுக்கு முன் ஒருவருக்காக 250 சீசீ நான்கு சிலிண்டர் பைக் ஒன்றைப் பார்க்கப் போனேன். ஏற்றத்தில் தங்கமாக ஏறியது, சத்தம் கேட்கவே ஆசையாக இருந்தது. லபுக்கலைக்குக் கீழே இறங்கும்போது ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் மெத்தென்று உள்ளே போய் என் விரல் முட்டிகளில் இடித்து நின்றது. பைக் வேகம் குறையவில்லை. இரண்டு முறை விட்டுப் பிடித்தேன், கொஞ்சம் ஏறியது. கியரை ஒன்றுக்குக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, மண் கரைப் பக்கமாக ஒதுக்கிக் கானுக்குள் சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். டிஸ்க்கிலிருந்து எரிந்த வாடை வந்தது. இருபது நிமிடம் கழித்து லீவர் ஒன்றும் நடக்காதது போல் கல்லாக இருந்தது. பிறகு கராஜில் அந்த ஒயிலைத் திறந்துவிட்டபோது பிளேன்டீ நிறத்தில் வந்தது.

நடந்தது என்னவென்றால், பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். 200 கிலோ பைக்கும் 75 கிலோ ஆளும் 900 மீட்டர் இறங்கினால் வெளியாகும் சக்தி ஆறேழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜின் பிடிக்காத அவ்வளவையும் உங்கள் டிஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒயில் கொதித்துக் குமிழி வந்தால் லீவர் குமிழியைத்தான் அமுக்கும். அதனால் பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

"அப்ப இறக்கத்துல எப்படி டெஸ்ட் பண்றது?"

ஏறிய கியரிலேயே இறங்கத் தொடங்குங்கள். எக்ஸலேட்டரை மூடியதும் இன்ஜின் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். பெரிய ஒற்றைச் சிலிண்டர் நன்றாகப் பிடித்து வைக்கும். நான்கு சிலிண்டர் 250 கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும், அதற்கு இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும். குறைக்கும்போது பின் சக்கரம் 'டக் டக்' என்று துள்ளுகிறதா என்று கவனியுங்கள். டியூக் 390 இல், கியர் குறைக்கும்போது கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் அந்தத் துள்ளல் குறைவு.

ஐந்து வளைவுக்கு ஒரு முறை, நேரான இடத்தில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, முன் பிரேக்கை உறுதியாகப் பிடியுங்கள். லீவர் முதலில் நின்ற இடத்திலேயே இப்போதும் நிற்கிறதா? ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். உடம்புப் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி வலித்தால், ஹேண்டில் உங்களுக்குத் தாழ்வு. ஏற்றத்தில் அது தெரிந்தே இருக்காது.

"கொண்டை ஊசி வளைவுல இன்ஜின் ஓஃப் ஆகுது. என் பிழையா, பைக் பிழையா?"

இரண்டிலும் கொஞ்சம் இருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவில் நம் பாதி உள்பக்கமாக வருகிறது, ரோட்டின் மிகச் செங்குத்தான பகுதியும் அதுதான். அந்த இடத்தில் வேகம் பத்துக்கு இறங்கும், சுற்று 2000 க்குக் கீழே போகும். குறைந்த சுற்றில் இழுவை இல்லாத பைக் அங்கேதான் செத்துப்போகும். டியூக் 390 நல்ல பைக், ஆனால் 3000 சுற்றுக்குக் கீழே அது இடிக்கும். கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும்.

ஆகவே உங்கள் ஓட்டத்தில் ஒரு இடது வளைவைக் குறித்து வைத்து, அதில் இரண்டு பைக்கையும் இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். ஒன்று தானாக ஏறி, மற்றது முதலாவது கியர் கேட்டால், அந்த ஒரு வளைவே உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி விடுவது நம் வழக்கம் என்றாலும் எல்லோரும் விடுவதில்லை, அதனால் ஹோர்ன் அடித்துவிட்டே திரும்புங்கள்.

"ரெண்டு பைக்கையும் ஒரே நாள்லயே ஓட்டணுமா?"

முடிந்தால் ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே சப்பாத்து. இரண்டு பேர் போய், பாதி வழியில் பைக்கை மாற்றிக்கொள்வது மிக நல்லது. ஒன்றிலிருந்து இறங்கி உடனே மற்றதில் ஏறும்போது, தனித்தனியாக ஓட்டினால் தெரியாத சின்ன வித்தியாசம்கூடத் தெரியும். இரண்டு பைக்கிலும் டயர்க் காற்றைப் பெட்ரோல் செட்டில் அளந்து சரிசெய்துவிட்டே தொடங்குங்கள்.

ஓட்டி முடித்ததும் பேசிக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். பேசத் தொடங்கினால் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்துதான் எல்லோருடைய கருத்தாகவும் ஆகும். நான் ஒரு சின்னக் கொப்பியில் ஐந்தே விஷயம் எழுதுவேன்: குளிரில் ஸ்டார்ட், இடது வளைவு, இறக்கத்தில் லீவர், உடம்பில் எங்கே வலி, திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா என்று தோன்றியதா. கடைசியாக உள்ளதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் பிழையாவதில்லை.

"சரி, ஹோர்னெட்டா ஹிமாலயனா டியூக்கா? ஒன்னு சொல்லுங்க."

ஹோர்னெட் ஓட்டுவதற்கு மூன்றிலும் இனிமை. சீட் 745 மில்லிமீட்டர், யாருக்கும் கால் எட்டும். ஆனால் 2007 க்குப் பிறகு அது தயாரிக்கப்படவில்லை, ஆக மிகப் புதியதே பதினெட்டு வருடம் தாண்டியது. முன் டயர் 16 அங்குலம், பின்னால் 180 அகலம். ஹட்டனில் கேட்ட உடனே கிடைக்கும் அளவு இல்லை.

ஹிமாலயன் 200 கிலோ அளவில் பாரம், முன் சக்கரம் 21 அங்குலம். தோட்டத்து ரோட்டில் அதற்கு நிகராக இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் கினிகத்தேனை தாண்டித் தட்டை ரோடு வந்ததும் கொஞ்சம் சலிப்புத் தட்டும். டியூக் 390 இலேசானது, 43 குதிரை வலு அளவில், வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுத்துக்கொண்டு போகும். உடைந்த ரோட்டில் முதுகு சொல்லும்.

என் தேர்வு? தோட்டத்துக்குள் வீடு என்றால் ஹிமாலயன். டவுனில் வீடு, கார்ப்பெட் ரோட்டில் ஓட்டம், ஏற்கெனவே 200 சீசீ பழக்கம் உண்டு என்றால் டியூக். ஹோர்னெட்டைப் பைக்கின் மேல் பிரியம் உள்ளவர், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் வாங்கட்டும்.

"நான் டீச்சர், ஸ்கூட்டிதான் ஓட்டுறேன். பாஜா எடுக்க ஆசை. உயரம் காணாதுன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணா."

பாஜாவின் சீட் 86 சென்டிமீட்டருக்கு மேல். தட்டை இடத்தில் ஒரு காலை நுனியில் ஊன்றினால் போதும், அது பழகிவிடும். பிரச்சினை நான் மேலே சொன்ன இடது வளைவில்தான். அங்கே நிறுத்த வேண்டி வந்தால் இடது பக்கம் ரோடு சரிந்திருக்கும், ஊன்றப் போகும் காலுக்குத் தரை எட்டாது. அப்படித்தான் பலர் நின்ற இடத்தில் விழுகிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் வேறொருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒரு சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள் தங்கச்சி. பின் பிரேக்கை வலது காலால் பிடித்துக்கொண்டு, இடது காலை மேட்டுப் பக்கமாக வைக்கும்படி பைக்கைத் திருப்பி நிறுத்தலாம். பத்துத் தடவை செய்தும் பயம் குறையவில்லை என்றால் ஹோர்னெட் உயரமுள்ள ஒன்றைப் பாருங்கள். சீட் பஞ்சைச் சீவிக் குறைப்பதும் உண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும்.

"ஏபிஎஸ் இல்லாத பைக் எடுக்கலாமா?"

பழைய ஜப்பான் 250 களில் ஏபிஎஸ் கிடையாது, அவற்றை வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் பணம் சேர்த்து ஏபிஎஸ் உள்ளதை வாங்க முடியுமென்றால் வாங்குங்கள். மேலே சொன்ன கரட் லொறி ஈரத்தில் அது வேலைக்கு வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போது சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும். சாய்ந்து திரும்பும்போது அதை நம்பிப் பிரேக்கை அமுக்கக் கூடாது.

"மழையில, பனியில ஓட்டிப் பார்க்கலாமா?"

மழையைத் தேடிப் போக வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழை தானாக வரும், பதுளைப் பக்கம் டிசம்பரில். மூடுபனியில் லைட்டைப் பாருங்கள். ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரித் திருப்பி அடிக்கும், லோ பீம் ரோட்டின் இடது ஓரத்தைக் காட்ட வேண்டும். பாஜாவின் இரட்டை விளக்கு பார்க்கப் பெரிதாக இருந்தாலும், பழசாகிக் கண்ணாடி மங்கியிருந்தால் பயன் இல்லை. அப்புறம், இறம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டே நுழையுங்கள்.

"பின்னால மனைவி உட்காருவாங்க. அவங்களையும் கூட்டிட்டு வரணுமா?"

கட்டாயம். அவர் இல்லாமல் எடுத்த முடிவு பாதி முடிவுதான். இறக்கத்தில் அவர் முன்னால் வழுக்கி உங்கள் மேல் சாய்ந்தால், உங்கள் கைக்கு இரட்டைப் பாரம் வரும். முதலில் தனியே ஓட்டி, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு அவரை ஏற்றுங்கள். இறங்கியதும் அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசாதீர்கள்.

"ஓட்டிப் பார்க்கும்போது விழுந்து உடைஞ்சா யார் காசு குடுக்கிறது?"

ஓட்டும் முன்னரே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், அந்த பைக்குக்கு வரும் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றாலும் வேறொருவர் ஓட்டினால் என்ன நிபந்தனை என்று உரிமையாளரிடம் கேளுங்கள். நான் வழமையாகச் சொல்வது: "லீவர், இண்டிகேட்டர், கண்ணாடி உடைந்தால் நான் தருகிறேன். அதற்கு மேல் எப்படி?" இதை ஒரு சாட்சியின் முன்னால் பேசிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

"மீட்டர் 30,000 தான் காட்டுது. நம்பலாமா?"

மீட்டரை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த பைக்குகளே கைமாறிக் கைமாறி ஓடின. கால் வைக்கும் ரப்பர், கியர் லீவரின் நுனி, ஹேண்டில் பிடி, டிஸ்க்கின் ஓரத்தில் விரலுக்குத் தட்டும் மேடு ஆகியவற்றைப் பாருங்கள். 30,000 ஓடிய பைக்கில் டிஸ்க் பள்ளமாகத் தேய்ந்திருக்காது. பைக்கின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இன்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பைக்கில் உள்ளவற்றோடு நீங்களே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

"மகன் கேட்கிறான். 20 வயசு. வாங்கிக் குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இது. தாய் தகப்பன்மார் கேட்கும்போது நான் உடனே பதில் சொல்வதில்லை. தம்பியை என்னோடு அனுப்பச் சொல்வேன். அவர் இப்போது வைத்திருக்கும் பைக்கிலேயே முன்னால் போகச் சொல்லி, நான் பின்னால் லபுக்கலை வரை இறங்குவேன். ஏற்றத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் ஓட்டுவார்கள். இறக்கத்தில் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடிக்கிறாரா, வளைவுக்குள் போன பிறகு பிரேக் லைட் எரிகிறதா என்று பார்ப்பேன். முன்னாலேயே முடிக்கிறவருக்கு வாங்கிக் கொடுக்கலாம். வளைவுக்குள் எரிந்தால் இன்னும் ஒரு வருடம் அதே பைக். அதைத் தம்பியிடம் நானே சொல்லிவிடுவேன், பெற்றவர்களைச் சொல்ல விடுவதில்லை.

"ரெண்டும் பிடிச்சிருக்கு. எதை எடுக்கிறதுன்னே தெரியல."

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பார்ட்ஸ் கடைக்குப் போய், இரண்டு பைக்குக்கும் நான்கு சாமான் கேளுங்கள்: முன் பிரேக் பேட், கிளட்ச் கேபிள், செயின் கிட், முன் டயர். கையில் எடுத்துக் கொடுக்கிறார்களா, ஒரு வாரம் என்கிறார்களா, கொழும்புக்குப் போகச் சொல்கிறார்களா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளோடு ஞாயிற்றுக்கிழமை வந்தால், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.